வலப்பக்கத் திறப்பு

பாதை போடுகிறவர்கள் சுவரை உடைக்கக் கூடாது. எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவோம். எங்கள் கொரியத் தீவான ஜேஜுவில் எந்தப் பக்கம் நடந்தாலும் கறுப்புக் கல் சுவர் ஒன்று குறுக்கே வரும். வயலைச் சுற்றிச் சுவர், வீட்டைச் சுற்றிச் சுவர், குதிரை மேயும் இடத்தைச் சுற்றிச் சுவர், வயல் நடுவே படுத்திருக்கும் செத்தவர்களைச் சுற்றியும் சுவர். காரை கிடையாது. கல்மேல் கல் உட்கார்ந்திருக்கும். ஒன்றை உருவினால் பத்து சரியும். அதனால் சுவர் வந்தால் நாங்கள் அதன் ஓரமாகவே போவோம். எங்காவது ஒரு திறப்பு இருக்கும். திறப்பு இருந்தால் யாரோ அதன் வழியே போய் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நாங்களும் அதில் நுழைவோம். இந்தப் பக்கம் ஒரு நாடா, அந்தப் பக்கம் ஒரு நாடா, பச்சையும் மஞ்சளும். அவ்வளவுதான் பாதை.

ஏழாம் பாதையின் மேட்டில் இருக்கும் திறப்பைக் கண்டுபிடித்தது நான்தான். எட்டு வருடம் ஆகிறது. முட்புதரை வெட்டிக்கொண்டே போனபோது சுவரில் அந்த இடைவெளி தெரிந்தது. ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும். உள்ளே நீளமான கல் ஒன்று விழுந்து கிடந்தது. கைதேர்ந்த யாரோ பார்த்துப் பொறுக்கியது போல நேரான கல். அதைப் புரட்டித் திறப்பின் அடியில் படியாகப் போட்டேன். அப்படியே பொருந்திக்கொண்டது.

எங்கள் குழுத் தலைவி ஓக்சிம் அக்கா சுவரைக் கையால் தட்டிப் பார்த்தாள்.

"என்ன தேசிக், ரெட்டைச் சுவரா இருக்கு? வயலுக்கு எவன் ரெட்டைச் சுவர் கட்டுவான்?"

"காத்துக்குக் கட்டியிருப்பாங்க அக்கா. மேடு இல்லையா."

"ஆமா, உனக்குத்தான் தெரியும். தபால் ஆபீஸ்ல முப்பது வருஷம் சுவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தவனாச்சே."

ரெட்டைச் சுவர் என்று அவள் சொன்னது சரிதான். மற்ற இடத்தில் எல்லாம் ஒற்றைச் சுவர். அந்தப் பத்தடி நீளம் மட்டும் இரட்டை. இரண்டு பக்கமும் வயல் சுவர் வந்து அதோடு ஒட்டியிருந்ததால் நான் அதற்குமேல் யோசிக்கவில்லை. உள்ளே தரை லேசாக மேடுதட்டியிருந்தது. மாடு மேய்ந்த இடம் என்று பார்த்தாலே தெரிந்தது.

நடக்க வருகிறவர்களுக்கு அந்தத் திறப்பு மிகவும் பிடித்துப்போயிற்று. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நுழைவதும், மாட்டிக்கொண்டது போல நடித்துப் படம் எடுப்பதும் வழக்கமானது. படிக்கல்லின் ஒரு முனையில் இருந்த குழியில் யாரோ ஒரு கூழாங்கல்லை வைத்து ஏதோ வேண்டிக்கொண்டார்கள். அடுத்தவர் இன்னொன்று வைத்தார். ஒரு வருடத்தில் குழி மறைந்து அங்கே ஒரு சின்னக் கற்குவியல் உட்கார்ந்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் பெய்த கோடை மழையில் மேட்டுப்பாதை அரித்துப்போனது. திறப்பிலிருந்து நாற்பது அடி கீழே வேர்கள் வெளியே வந்து ஆட்கள் இடறி விழுந்தார்கள். ஓக்சிம் அக்காவுக்கு அப்போது தோள் சரியில்லை. நான் தனியாகப் போய், திறப்புக்கு உட்புறம் குறுக்கே ஒரு வடிகாலும், தண்ணீர் இறங்க இடுப்பளவு குழி ஒன்றும் வெட்டினேன். சுற்றிலும் மஞ்சள் களிமண். குழி வெட்டிய இடத்தில் மட்டும் மண் கறுப்பாக, மெத்தென்று இருந்தது. மண்வெட்டி சிரமமில்லாமல் இறங்கியது. வெளி மண்ணைப் பாதைக்குக் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் இன்னொரு விதி. அந்தந்தப் பாதைக்கு அந்தந்த மண். அந்தக் கறுப்பு மண்ணைச் சுவருக்கு அந்தப் பக்கம் அள்ளிப் போட்டு, ஒற்றைச் சக்கர வண்டியில் ஆறு நடை தள்ளிக்கொண்டு போய், கீழே வேர் தெரிந்த இடத்தில் நிரப்பி மிதித்து இறுக்கினேன். நல்ல வேலை என்று ஓக்சிம் அக்காவே சொன்னாள். அவள் அப்படிச் சொல்கிறவள் இல்லை.

போன ஜனவரியின் கடைசி வாரம், தெய்வங்கள் எல்லாம் பொறுப்பு மாற்றிக்கொள்ள மேலே போயிருக்கும் வாரத்தில், வோல்சோன் வந்தாள். எங்கள் தீவில் வீடு மாறுவதும் கழிவறை இடிப்பதும் கல்லறையைத் தொடுவதும் அந்த எட்டு நாளில்தான். கேட்க ஆள் இருக்காது. ஊரே சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தது. பாதை தொடங்கும் இடத்தில் இருக்கும் எங்கள் தகரக் கொட்டகைக்கு வெளியே ஒரு டாக்ஸி நின்று, ஒடிசலான ஒரு வயதான பெண்மணி இறங்கினாள். ஒரு கையில் பெட்டி. இன்னொரு கையில் துணியில் சுற்றிய மரப்பேழை.

"சம்சுன், உள்ள வாங்க. காத்து தூக்கிட்டுப் போயிடும்," என்றாள் ஓக்சிம் அக்கா.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னன்னு கூப்பிட்ட?"

"சம்சுன்னு."

"இன்னொரு வாட்டி கூப்பிடு."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு, "சம்சுன்," என்றாள், கொஞ்சம் மெதுவாக.

"மாமாவுக்கும் அதே, அத்தைக்கும் அதே, எதிர்த்த வீட்டுக் கிழவிக்கும் அதே. ஒசாகால எங்க தெருவுல என்னை அப்படிக் கூப்பிட்டுக்கிட்டிருந்தவ செத்து ஆறு வருஷமாச்சு."

அவளுக்கு வயது எண்பத்தொன்று. ஒன்பது வயதில் அம்மா செத்து, அதே வருடம் அப்பாவோடு படகில் ஜப்பானின் ஒசாகாவுக்குப் போனவள். அம்மாவைப் புதைத்த இடத்தில் வருடா வருடம் புல் வெட்டிக்கொண்டிருந்த பெரியப்பாவும் முப்பது வருடத்துக்கு முன் போய்விட்டார். அவர் மகன் வயலை விற்றுவிட்டுக் கடல் தாண்டிப் பெருநிலத்துக்குப் போனான். அவன் எங்கே என்று தெரியாது. அவளிடம் இருந்தது பெரியப்பா எழுதிய ஒரு கடிதம். மேட்டுக்குக் கீழே தனி மரம். மரத்திலிருந்து மேல்நோக்கி நூற்றிருபது அடி.

"ஒசாகா கோவில்ல ரெண்டு பேருக்கு இடம் வாங்கிட்டேன். ஒண்ணு எனக்கு. பக்கத்துல அம்மாவுக்கு. டாக்டர் கிட்ட அடுத்த வருஷம் ஊருக்குப் போகட்டுமான்னு கேட்டேன். அவன் இந்த வருஷமே போங்களேன்னான்." அவள் சிரித்தாள். "மகன் வரேன்னான், அப்புறம் வேலைன்னுட்டான். வந்தாலும் அவனுக்கு எதுவும் புரியப் போறதில்ல. விடு."

"எத்தன நாள் இருப்பீங்க சம்சுன்?"

"தெய்வம் திரும்பி வர வரைக்கும்."

தனி மரம் என்றால் எங்கள் இருவருக்கும் தெரியும். சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்கள். அதை அன்று அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவளை மேட்டுக்குக் கூட்டிப்போனோம். அவளுக்கு எந்த வழியும் நினைவில்லை. எங்கள் பாதையிலேயே நடந்தோம். திறப்பு வந்ததும் ஓக்சிம் அக்கா தன் உடம்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். கிழவி பக்கவாட்டில் திரும்பி வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"ஒல்லியா இருந்து நான் கண்ட லாபம் இது ஒண்ணுதான்."

"எங்களைக் குத்திக் காட்டாதீங்க சம்சுன்."

அவளுக்கு மூச்சு வாங்கியது. படிக்கல்லில் உட்காரச் சொன்னேன். அங்கே மட்டும் காற்று இல்லை, வெயில் இருந்தது. பையிலிருந்து சின்ன ஆரஞ்சு ஒன்றை எடுத்து உரித்துச் சாப்பிட்டாள். பக்கத்தில் இருந்த கற்குவியலைப் பார்த்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். தரையில் துழாவி ஒரு கூழாங்கல்லை எடுத்து மேலே வைத்தாள்.

"அம்மா கிடைக்கணும்னு வச்சேன். யாருகிட்ட கேக்கறேன்னுதான் தெரியல. எல்லாரும் மேல போயிட்டாங்களே."

அதற்கு நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

அடுத்த நான்கு நாள் தேடினோம். மரம் நின்ற இடம் சாலைக்கு அடியில் எங்கேயோ இருந்தது. ஒருவர் இங்கே என்றார், ஒருவர் அங்கே என்றார். இரண்டுக்கும் நடுவே எண்பது அடி. நூற்றிருபது அடி என்பது யாருடைய அடி என்பதும் தெரியவில்லை. அவள் பெரியப்பா நெட்டையா குட்டையா என்று அக்கா கேட்டாள். "எனக்கு ஒன்பது வயசு. எனக்கு எல்லாரும் நெட்டைதான்," என்றாள் கிழவி. முள்ளங்கி வயல்களில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. கண்ணில் பட்ட கல்லறைகளை எல்லாம் போய்ப் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது, புல் வெட்டியிருந்தது. அநாதையாகக் கிடந்த இரண்டை அவள் பார்த்துவிட்டு, "இல்ல," என்றாள். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் அவள் நடை கொஞ்சம் சிறியதானது. வலது காலை இழுத்து வைத்தாள். காற்றடிக்கும்போது நின்று, அது போன பிறகு நடந்தாள். துணி சுற்றிய பேழையை எங்களிடம் தரவும் மாட்டாள்.

ஆறாம் நாள் மதியம் முள்ளங்கி வயல் ஓரமாக, சுவருக்குச் சாய்ந்து மூன்று பேரும் கடற்பாசித் தாளில் சுருட்டிய கிம்பாப் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேச்சு குறைந்துபோயிருந்தது. நல்ல வேளையாக எனக்குப் பேச்சில்லாமல் உட்காரப் பிடிக்கும். அவளுக்கும் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். பிறகு அவளாகவே சொல்லத் தொடங்கினாள்.

"பெரியப்பா சுவர் கட்டும்போது நான் கூடவே நின்னேன். வலப்பக்கம் ஒரு சின்ன இடம் விட்டுட்டாரு. ஏன் அடைக்கலன்னு கேட்டேன். பொம்பளைக்கு வலப்பக்கம் வாசல்டி, உங்கம்மா வெளிய வரணும்னா எப்படி வருவான்னாரு. நான் அதுக்குள்ள நுழைஞ்சு பாத்தேன். தோள்பட்டை சிராய்ச்சிடுச்சு. அவரு ஓங்கி ஒண்ணு வச்சாரு. அப்புறம் மாடு நுழையாம இருக்க ஒரு நீளக் கல்லைத் தூக்கி அந்த வாசலுக்குக் குறுக்க போட்டாரு. அந்தக் கல்லுல இந்த முனையில ஒரு குழி. கிண்ணம் மாதிரி. மழை பெஞ்சா தண்ணி நிக்கும், அம்மா குடிச்சுக்குவான்னாரு."

கையில் இருந்த கிம்பாப்பைக் கீழே வைத்தேன். ஓக்சிம் அக்கா டீயை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரியவில்லை. கற்குவியலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தவன் நான் ஒருவன்தான்.

சிறுநீர் கழித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மேட்டுக்கு ஏறினேன். திறப்பில் யாரும் இல்லை. மண்டியிட்டுக் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவர்மேல் வைத்தேன். நூற்றுக்கணக்கில் இருந்தன. மேலே கிடந்தது அவள் வைத்தது. அடியில் பிளாஸ்டிக் பொத்தான், ஒரு பல், ஒரு சாவி. எல்லாம் போன பிறகு குழி தெரிந்தது. கிண்ணம் மாதிரிதான் இருந்தது.

எழுந்து அந்த இரட்டைச் சுவரைப் பார்த்தேன். எங்கள் ஊரில் கல்லறையைச் சுற்றித்தான் இரட்டைச் சுவர் கட்டுவார்கள். மற்ற மூன்று பக்கத்துக் கற்களையும் வயலை வாங்கியவன் எடுத்துத் தன் சுவருக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். எஞ்சியது வாசல் இருந்த பக்கம் மட்டும். யாரோ போய் வந்த வழி என்று நான் நினைத்தது தப்பில்லை. எப்படிப்பட்ட ஆள் என்பதைத்தான் யோசிக்கவில்லை. எட்டு வருடமாக, ஒரு நாளைக்கு நூறு பேராவது, அவள் வாசல் வழியே நுழைந்து அவள்மேல் நடந்து அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள். எங்கள் துண்டுப்பிரசுரத்தில், ஒரு கல்லைக்கூட உடைக்காமல் போட்ட பாதை என்று அச்சடித்திருக்கிறோம்.

அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தாள்.

"ரெட்டைச் சுவர்னு அன்னிக்கே சொன்னேன்."

"சொன்னீங்க."

"சொல்லிட்டு நானும்தான் நாடா கட்டினேன்." பிறகு, "வா. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

நான்தான் சொன்னேன். கிழவி முழுவதும் கேட்டாள். வயலில் முள்ளங்கி பிடுங்குகிற பெண்கள் பாடிக்கொண்டிருந்த பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது.

"நான் அது மேலதான உக்காந்தேன்?"

"ஆமா சம்சுன்."

"கதகதப்பா இருந்துச்சு," என்றாள்.

நில உரிமையாளர் சியோலில் இருந்தார். "அங்க எனக்கு நிலம் இருக்கா?" என்று அவர் கேட்டதாக அக்கா சொன்னாள். என்னவோ செய்துகொள்ளுங்கள் என்றாராம். அலுவலகத்தில் சண்டை போட்டுக் காகிதம் வாங்கியதும் அக்காதான். கல்லறை மாற்றுகிற தோக்சு அந்த வாரத்தில் ஒரு நிமிடம் ஓய்வில்லாத ஆள். கடைசி நாள் காலை பத்து மணிக்கு வருகிறேன் என்றான். தெய்வங்கள் திரும்பி வர அந்த ஒரு பகல்தான் மிச்சம் இருந்தது.

அவன் வேலைக்காரன் ஒருவனோடும் மண்வெட்டிகளோடும் வந்தான். கிழவி படிக்கல்லில் இல்லாமல் பக்கத்துப் புல்லில் உட்கார்ந்தாள். பேழை மடியில் இருந்தது.

"சம்சுன், எலும்பெல்லாம் எதிர்பாக்காதீங்க," என்றான் தோக்சு. "எழுபத்திரண்டு வருஷம். இந்த மலை மண்ணு எதையும் விட்டு வைக்காது. ஆனா ஆளு படுத்த இடத்துல மண்ணு கறுத்திருக்கும். மெத்துன்னு இருக்கும். கைய வச்சா எனக்குத் தெரிஞ்சிடும். அந்தக் கறுப்பை அள்ளிக்கலாம். அதுதான் அம்மா."

அவன் அதைச் சொன்ன விதம் சாதாரணமாக இருந்தது. தினமும் சொல்கிறவன். நான் திறப்பில் நின்றுகொண்டிருந்தேன். என் வேலை, நடக்க வருகிறவர்களை நிறுத்துவது. திரும்பி என் வடிகாலைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பெருநிலத்திலிருந்து வந்த பெண்கள் கூட்டம் ஒன்று கீழே இருந்து ஏறி வந்தது. பதினைந்து பேர். கையில் ஊன்றுகோல், கலர் கலராகத் தொப்பி.

"ஏங்க, கையை விரிச்சுக்கிட்டு நிக்கறீங்க? டிக்கெட்டா?"

"வேலை நடக்குது. கொஞ்சம் பொறுங்க."

"என்ன வேலை?"

"பராமரிப்பு," என்றேன். வேறு சொல் வரவில்லை.

"பராமரிப்பாம். நம்ம வீட்டு ஆளுங்களும் இப்படித்தான், வேலைன்னுட்டு நின்னுக்கிட்டே இருப்பாங்க," என்று ஒருத்தி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி என் கையில் ஒரு மிட்டாயைத் திணித்தாள். காத்திருக்கிறோம் என்று கொஞ்சம் கீழே இறங்கி, பாதையிலேயே வட்டமாக உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தார்கள். அந்த இடம் சமமாக, உட்கார வசதியாக இருந்தது. நான்தான் நிரப்பியிருந்தேன்.

உள்ளே தோக்சு இடுப்பளவு தோண்டிவிட்டான். மஞ்சள் மண். பக்கத்தில் நகர்ந்து தோண்டினான். அதுவும் மஞ்சள். பிறகு என் வடிகால் குழியின் விளிம்புக்கு வந்து நின்றுவிட்டான். குனிந்து விளிம்பில் விரலை ஓட்டினான்.

"இங்க ஏற்கெனவே யாரோ தோண்டியிருக்காங்க."

"வடிகால்," என்றேன். "மழைக்கு."

"யாரு வெட்டினது?"

"நான்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "கறுப்பு மண்ணு வந்துச்சா?"

ஓக்சிம் அக்கா திரும்பினாள். கிழவியும் திரும்பினாள். நான் தலையை ஆட்டினேன், வந்தது என்று.

"அந்த மண்ணு எங்க?"

கீழே அந்தப் பெண்கள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மல்லாந்து படுத்துத் தொப்பியை முகத்தில் கவிழ்த்திருந்தாள். அவர்களை எழுப்ப வேண்டும். ஏன் என்று சொல்ல வேண்டும். இரண்டு வருடம் மிதிபட்டு இறுகிய இடத்தைக் கொத்த வேண்டும். எது அவள், எது பாதை என்று அதற்குள் பிரிக்க முடியாது. இதெல்லாம் நான் பிறகு யோசித்துச் சேர்த்துக்கொண்ட காரணங்களாகவும் இருக்கலாம். அப்போது நான் பார்த்தது கிழவியின் முகத்தை மட்டும்தான்.

"மழையில போயிடுச்சு," என்றேன்.

தோக்சு மணியைப் பார்த்தான். அவனுக்கு அன்று இன்னும் மூன்று இடம் இருந்தது. ஓக்சிம் அக்கா என்னைப் பார்த்தபடி இருந்தாள். ஆறு வண்டி மண் போன இடம் அவளுக்கு அப்போது நினைவு வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"சரி விடுங்க. படுத்த இடம் இதுதான், அதுல சந்தேகமில்ல. இந்த மண்ணையே எடுத்துக்குங்க, அப்படியும் செய்யறதுதான்," என்று தோக்சு குழியின் பக்கவாட்டில் சுரண்டி ஒரு மண்வெட்டி மஞ்சள் மண்ணை மேலே வைத்தான்.

கிழவி தவழ்ந்து வந்தாள். பேழையைத் திறந்து, உள்ளே வெள்ளைத் துணியை விரித்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி வைத்தாள்.

"அம்மா, வீடு மாத்தறோம். பயப்படாத. நான்தான். வோல்சோன்."

பேழை நிறைந்ததும் துணியின் நான்கு முனையையும் மடித்தாள். தோக்சு பையிலிருந்து மூன்று கோழிமுட்டைகளை எடுத்துக் குழிக்குள் வைத்தான். நிலத்துத் தெய்வம் திரும்பி வந்து, இங்கே படுத்திருந்தவள் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல.

"முட்டைக்குக் கண்ணு இல்ல, காது இல்ல, வாயும் இல்ல. என்னத்த சொல்லும்?" என்று வேலைக்காரனைப் பார்த்துச் சொன்னான். மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

நான் கையை இறக்கினேன். பெண்கள் பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து ஒவ்வொருவராகத் திறப்பில் நுழைந்தார்கள். ஒருத்தி மாட்டிக்கொண்டது போல நடித்தாள். மற்றவள் படம் எடுத்தாள்.

மறுநாள் அவளை விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். பேழையைப் பின்னிருக்கையில் வைத்து பெல்ட் போட்டாள். பிறகு மனம் கேட்காமல் தானும் பின்னால் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஐம்பது நிமிடப் பயணம். கடற்கரைச் சாலையில் போகும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மீன் சந்தை தாண்டியதும் சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் அவள் என்ன செய்வாள்? தெய்வங்கள் திரும்பி வந்துவிட்டார்கள். அடுத்த வருடம் அவள் வரப்போவதில்லை. அவள் கையில் இருந்ததையும் பிடுங்கிக்கொண்டதாகத்தான் முடியும். சொல்லாவிட்டாலும் அவள் கையில் இருந்தது வெறும் மஞ்சள் மண்தான்.

"தம்பி."

"சொல்லுங்க சம்சுன்."

"மஞ்சளா இருக்காளேன்னு பாத்தேன். எங்கம்மா கறுப்பு. நாளெல்லாம் வெயில்ல நிப்பா. கழுத்தெல்லாம் கறுத்திருக்கும்." கொஞ்ச தூரம் போனோம். "மண்ணாயிட்டா நிறம் மாறிடும் போல."

கண்ணாடியில் அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது பையிலிருந்த ஆரஞ்சுகளை எல்லாம் என் இருக்கையில் கொட்டினாள். விமானத்தில் விடமாட்டார்களாம்.

கல்லறை காலியாகிவிட்டது, இனிப் பாதை அந்த வழியே போவதில் தப்பில்லை என்று குழுக் கூட்டத்தில் முடிவானது. சுற்றிப்போக வேறு திறப்பும் இல்லை. நான் கையைத் தூக்கவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. மாதம் நான்கு முறை மேட்டைப் பார்த்துக்கொள்வது என் முறை. நாடா கிழிந்திருந்தால் மாற்றுவேன், வடிகாலில் இலை தள்ளுவேன். திறப்பிலிருந்து நாற்பது அடி இறங்கியதும் பாதையை விட்டு இடப்பக்கம் விலகி, புல்லில் பத்து அடி நடந்து மறுபடி பாதையில் சேர்வேன். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியும். ஆறு வண்டி மண். முதல் முறை பின்னால் வந்த ஒரு ஆள் கேட்டார்.

"ஏங்க, பாம்பு கீம்பு இருக்கா?"

"இல்ல."

அவரும் விலகித்தான் நடந்தார். பாதைக் குழுவின் சட்டை போட்டவன் எப்படிப் போகிறானோ அதுதான் வழி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் பின்னால் வந்தவர்களும் அப்படியே வந்தார்கள். ஏப்ரல் வருவதற்குள் புல் தேய்ந்து அங்கே இன்னொரு பாதை விழுந்துவிட்டது.

ஓக்சிம் அக்கா அதைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள். பாதை இரண்டாகப் பிரிவதுதான் எங்களுக்கு எப்போதும் பெரிய எதிரி. விட்டால் மூன்றாகும், பிறகு மேடே மொட்டையாகிவிடும்.

"எவன் இது, நல்ல பாதை இருக்கும்போது பக்கத்துல இன்னொண்ணு போடறவன்?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கீழே, அந்தப் பத்தடி இடத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. மாறியிருந்தாலும் நான் பார்க்கவில்லை.

"அடைச்சுடு தேசிக்," என்றாள் கடைசியில். குரல் தாழ்ந்திருந்தது. "புல்லு வரணும்." சொல்லிவிட்டு, நாடா கட்ட வேண்டிய இன்னொரு இடம் இருப்பதாக மேலே ஏறிப் போய்விட்டாள்.

பைன் கிளைகளை வெட்டி இழுத்து வந்தேன். பக்கவழியின் இரண்டு முனையிலும் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டேன். யாரும் தாண்ட முடியாதபடி முள்ளையும் சேர்த்துச் செருகினேன். கீழ் முனையை முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் என் மண்வெட்டியும் பையும் மேலே, அந்தப் பக்கம் இருப்பது தெரிந்தது. கீழே இருந்து ஆட்கள் பேசிக்கொண்டே ஏறி வருகிற சத்தம் கேட்டது. மேலே போக அந்தப் பத்தடி வழி ஒன்றுதான் இருந்தது.